தகப்பனார் பெயர்

1961 ஆகஸ்டு 9, புதன்

காலையிலிருந்து சாரல். துவைத்த வேட்டி மூன்று நாளாகக் காயவில்லை. நான் பாடம் நடத்தும் பாளையங்கோட்டைக் கல்லூரியில் லீவு கிடைத்துவிட்டது. ஜெர்மனிக்குக் கப்பல் ஏறும்வரை தென்காசியில்தான்.

செய்ய வேண்டியவை:
பாஸ்போர்ட் பாரம்.
அம்மை ஊசி, சர்டிபிகேட்.
பூட்ஸ். பனியில் செருப்பு ஆகாதாம்.
பெரணிச் செடி (பெர்ன்). முப்பது வகை.

கடைசிதான் பெரிய வேலை. என்னை அழைத்திருக்கும் ஜெர்மனிப் பேராசிரியர் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்: குற்றாலத்துப் பெரணிகள், நன்றாகக் காய்ந்தவை. ஆடி மாதக் குற்றாலத்தில் எது காயும்? அவருக்கு யார் சொல்வது.

அங்கே ஒரு செமஸ்டர் என்றேன். செமஸ்டர் என்றால் என்ன என்று மாமா கேட்டார். அரை வருஷப் படிப்பு என்றேன். "அரை வருசத்துக்கா இம்புட்டுத் தூரம் கப்பல்ல போறே?" என்றார். ஆனால் தான் வேலை பார்க்கும் ரெஜிஸ்டர் ஆபீஸ் முழுக்க அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

ஆகஸ்டு 10, வியாழன்

பாரம். பெயர், பிறந்த ஊர், உயரம், அங்க அடையாளம். அடுத்த கட்டம்: தகப்பனார் பெயர். பேனா அங்கே நின்றது.

இந்த நோட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது. அப்பா பெயர் வேலாயுதம். எனக்கு நாலு வயதில் செங்கோட்டைப் பக்கம் ஒருத்தியோடு போய்விட்டார். மாமா, அம்மாவின் அண்ணன், எங்கள் இரண்டு பேரையும் இங்கே கூட்டி வந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் வாத்தியார் தகப்பன் பேரு என்ன என்று கேட்க, மாமா ஆத்திரத்தில் தன் பெயரைச் சொன்னார். சுப்பையா. அன்றிலிருந்து நான் எஸ். நடராஜன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டிகிரி, சம்பளப் பட்டியல், எல்லாவற்றிலும் எஸ்.

ஒரு எழுத்துதானே என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். பாரம் முழுப்பெயர் கேட்கிறது. கீழே உறுதிமொழி வேறு. மேற்கண்டவை யாவும் உண்மை.

மாமாவிடம் காட்டினேன். ஆயுசு முழுக்கப் பத்திரங்களோடு இருப்பவர்.

"எலே, வேலாயுதம்னு எழுதுனியோ, ஒன் சர்டிபிகேட்டெல்லாம் எவனோ ஒருத்தனோடது ஆயிரும். மாஜிஸ்திரேட்கிட்ட போ, யுனிவர்சிட்டிக்கு எழுது, நாலு மாசம் ஆவும். கப்பல் ஒனக்காகக் காத்துக் கெடக்குமா?"

பிறகு குரல் இறங்கி: "வளத்தவன் பேரு இருக்கதுல ஒனக்கு என்னடே கொறச்சல்?"

குறைச்சல் ஒன்றுமில்லை. அதுதான் சங்கடம். டைபாய்டில் கிடந்தபோது தூங்காமல் விசிறியவர் இவர். அம்மாவைப் பார்த்தேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

சுப்பையா என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டாயிற்று. மை காய மாமாவே ஊதினார்.

ஆகஸ்டு 14, திங்கள்

குற்றாலம். சீசன் கூட்டம், பஸ்ஸில் எண்ணெய் வாடை. செண்பகாதேவி அருவிப் பாதையில் ஏறினேன். காலில் அட்டை ஏழு. பெரணி இருபத்திரண்டு வகை. இறங்கும்போது பெரிய மழை. பறித்ததெல்லாம் கீரைக்கட்டு மாதிரி துவண்டுவிட்டது.

மெயின் ரோட்டில் அந்தப் பங்களா. ஆறு வருடமாக அப்பா அங்கே வாச்மேன். கூடப் போன அந்தச் செங்கோட்டை அம்மாள் செத்துப்போன பிறகு இங்கே வந்து சேர்ந்தார். எப்போதும் நான் எதிர்ச் சாரியில் நடந்து போய்விடுவேன். இன்றைக்குக் கேட்டிலேயே குடையோடு நின்றார்.

"உள்ள வாங்க தம்பி. நனையுதியளே."

பெற்றவர் என்னை 'வாங்க' என்கிறார். பெரணிக்காகத்தான் உள்ளே போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏதோ ஒரு துரை கட்டிய பங்களா. குளிர் காய்வதற்கென்று சுவரிலேயே அடுப்பு. விறகு வைத்துப் பற்றவைத்தார். பழைய பேப்பருக்குள் இலையை விரிக்கும் விதத்தை நான் செய்வதைப் பார்த்தே பிடித்துக்கொண்டார்.

"வச்சிட்டுப் போங்க. தாளை நெதம் மாத்தி நான் காயவச்சுத் தாரேன். எத்தன வேணும்?"

"முப்பது. இருபத்திரண்டுதான் கிடைத்தது."

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். சுக்கு தூக்கலாக. "சீனி போட்டா எனக்குத் தொண்டையில எறங்காது. ஒங்கம்மைக்குத் தெரியும்." அம்மாவைப் பற்றி அது ஒன்றுதான் பேச்சு.

மாமா பரப்பிய செய்தி இங்கேயும் எட்டியிருக்கிறது. "பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டாச்சா?"

"ஆச்சு."

"எல்லாம் சரியா எழுதியாச்சா?"

"ஆச்சு."

அடுப்பைக் கிளறினார். இருபத்து மூன்று வருடமாக நான் சேர்த்து வைத்த கோபத்தில் ஒரு சொல்லாவது அங்கே வந்திருக்க வேண்டாமா. வரவில்லை.

வீட்டில், குற்றாலத்தில் ஒரு இடத்தில் காயப்போட்டிருக்கிறேன் என்றேன். அம்மா, "தீ மூட்ட வசதி உள்ள எடமா?" என்றாள். ஆமாம் என்றேன். சரி என்று போய்விட்டாள்.

ஆகஸ்டு 19, சனி

அம்மை ஊசி. கை வீங்கிக் காய்ச்சல். டை கட்டிப் பழகினேன். மூன்றாம் தடவைதான் முடிச்சு விழுந்தது. மாமா பார்த்துவிட்டு, "கெணத்து வாளிக்கு இத விட நல்லாப் போடுவியே" என்றார். காய்ச்சலிலும் சிரிப்பு.

படுத்தே கிடந்ததில் வேண்டாத யோசனை. கையெழுத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். பங்களாவுக்குப் போய், இப்படி ஒரு கட்டம் இருக்கிறது, என்ன எழுதட்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். ஆனாலும் கேட்டவன் ஆகியிருப்பேன்.

செப்டம்பர் 11, திங்கள்

வெயில். மாமா ஆபீஸ் போன பிறகு ஒரு போலீஸ்காரர். பாஸ்போர்ட் விசாரணை. ஆலங்குளத்திலிருந்து மாற்றலாகி வந்த புது ஆள். நாற்காலி போட்டேன். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். எதிர்வீட்டுத் தபால் ஆபீஸ்காரர் ஒன்று போட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். பக்கத்து வீட்டில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். பூட்டு.

அப்போதுதான் அப்பா வாசலில். மெழுகுத் துணியில் சுற்றிய பெரிய பொட்டலம். இத்தனை வருடத்தில் இந்தத் தெருவுக்கு முதல் தடவை.

"எல்லாம் நல்லாக் காஞ்சிட்டு..." என்று ஆரம்பித்தவர் போலீஸ் தொப்பியைப் பார்த்து நிறுத்தினார்.

"நீரு யாருவே?" என்றார் போலீஸ்காரர்.

நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"குத்தாலத்துல பங்களா வாச்மேன். சாருக்குச் சாமான் கொண்டாந்தேன்."

"சாரைத் தெரியுமா?"

"சின்னப் பிள்ளையிலேருந்து தெரியும்."

"இவுக தகப்பனார் பேரு?"

என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"சுப்பையா. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்காக."

"கையெழுத்துப் போடத் தெரியுமாவே?"

"போடுவேன்."

போட்டார். ப. வேலாயுதம். என்ன உறவு என்ற இடத்தில் அவரே எழுதினார். தெரிந்தவர்.

அம்மா வெளியே வரவில்லை. இரண்டு டம்ளர் காப்பியை நிலைப்படியில் வைத்துக் கதவைத் தட்டினாள். எடுத்து வந்தேன். ஒன்று போலீஸ்காரருக்கு. மற்றது எனக்கு என்று நினைத்தேன். குடித்தேன்.

கருப்பட்டி. சுக்கு தூக்கலாக.

எங்கள் வீட்டில் யாரும் கருப்பட்டிக் காப்பி குடிப்பதில்லை. பணியாரத்துக்கு மட்டும்தான் வாங்குவாள். அப்பா இரண்டடி தள்ளி நின்றார். வாசனை தெரியாமல் இருந்திருக்குமா? வாய் வைத்ததை எப்படி நீட்டுவது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப வாரேன் சார்." படி இறங்கினார்.

தெருமுனைவரை தெரிந்தார். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். போலீஸ்காரர் போகட்டும் என்று இருந்தேன். அவர் ஆற அமரக் குடித்தார்.

பிறகு உள்ளே போனேன். அம்மா, "ஒனக்குன்னா அடுப்படியிலயே தந்திருக்க மாட்டேனா?" என்றாள். அவ்வளவுதான். டம்ளரை வாங்கிக் கழுவப் போனாள்.

விசாரணை நல்லபடி முடிந்ததில் மாமாவுக்குச் சந்தோஷம். ரெண்டாவது சாட்சி யாருடே என்று கேட்டார். தெரிந்தவர் என்று என் வாயிலும் அதுவே வந்தது.

செப்டம்பர் 14, வியாழன்

பொட்டலத்தைப் பிரித்தேன். இலை ஒன்றுகூடக் கறுக்கவில்லை. நான் கொடுத்தது இருபத்திரண்டு. உள்ளே முப்பது இருக்கிறது. எட்டும் அவர் மலையேறிப் பறித்தவை. வேரோடு, இலையின் அடிப்பக்கம் தெரிய, நான் வைத்தது போலவே வைத்திருக்கிறார். இந்த வயதில், அந்த வழுக்கல் பாதையில்.

லேபிள் எழுதினேன். 'சேகரித்தவர்' என்று ஒரு இடம். இருபத்திரண்டில் என் பெயர். மற்ற எட்டை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். அவர் பெயரை எழுதினால் ஜெர்மனியில் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அங்கேயுமா எனக்குப் பயம்?

பாக்கி:
பெட்டிக்குப் பூட்டு.
மப்ளர்.
குற்றாலம் போக வேண்டும்.

இந்த மூன்றாவதை நேற்றும் எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தின நாளும்.

அம்மா மூன்று நாளாகக் கருப்பட்டிக் காப்பியே போடுகிறாள். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சீனி தீந்துட்டு" என்கிறாள். அவள் கொல்லைப் பக்கம் போன நேரம் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கழுத்துவரை சீனி. சத்தமில்லாமல் மூடி வைத்துவிட்டு வந்து குடித்தேன்.