காளப்பாவின் மகளுக்கு ஒரு வெடி

காளப்பாவின் அப்பாவுக்கு,

மருமகளையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர மடிக்கேரி போகிறேன். பன்றிக்கறி அடுப்பில் இருக்கிறது. கடம்புட்டு அரிசி உருண்டைகளை மூடி வைத்திருக்கிறேன்.

சிலைக் கமிட்டிக்காரர்கள் வந்தால் காப்பி கொடுங்கள். மகனைக் கல்லாக நிறுத்த உடனே தலையாட்டினீர்கள். அவன் மகளுக்கு ஒரு வெடி வெடிக்கச் சொன்னதற்கு மட்டும், "பொட்டப்புள்ளைக்கு எந்தக் குடகன் துப்பாக்கி எடுத்தான்?" என்று நேற்றுக் கத்தினீர்கள்.

அவன் பிறந்தபோது முற்றத்தில் நின்று ஒரு வெடி வெடித்தீர்கள். எல்லைப் போரில் செத்துப் பெட்டியில் வந்தபோது, சாவுக்குரிய இரண்டு வெடியையும் வெடித்தீர்கள். இந்த வீட்டுத் துப்பாக்கியின் கடைசிச் சத்தம் அதுவாக இருக்க நான் விடமாட்டேன்.

போருக்குக் கிளம்பிய அன்று பஸ் படியில் நின்று சிரித்தானே, "பொண்ணு பொறந்தாலும் சுடணும்மா. அப்பா முறைச்சா நீயே சுட்டுடு!"

நாங்கள் வாசலில் இறங்கும்போது வெடிச்சத்தம் கேட்க வேண்டும். மழை என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

காளப்பாவின் அம்மா

துப்பாக்கியைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தோட்டா இருக்கிறது. உங்களுக்கு மனசில்லை என்றால் இன்னொன்று என் கைப்பையில் இருக்கிறது.

குழந்தை பயந்து அழும். அழட்டும். அவள் அப்பனும் அன்று அப்படித்தான் அழுதான்.