மஞ்சள் தாள் படிப்பு

ஜூலை 7, திங்கள்

காலையில் சாரல். எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, மன்னிக்க. எழுதப் பழகி ஆறு மாதம்தான். இரண்டு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. இருந்தாலும் நானே எழுதியது!

ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை நான் ஏற்றிவிடும் ஜீப்பு ஸ்டாண்டுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். எந்த ஜீப்பு எங்கே, எத்தனை சீட்டு காலி என்று போனில் காட்டப் போகிறார்களாம். சிஸ்டம் அனாலிசிஸ் என்று பாடம். முன்பு பருவம் முழுக்கத் தாளிலேயே திட்டப் படம் வரைவார்களாம். இப்போது புது முறை, பெயர் அஜைல். வாரம் ஒரு துண்டு செய்து காட்டுவார்கள், நான் குறை சொல்ல வேண்டும். கடைசியில் பெண்கள் தாங்களாகவே அதைப் பயன்படுத்தினால்தான் தேர்ச்சி.

வட்டமாக நின்று பேசினார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடை. உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். எங்கள் ஸ்டாண்டில் நின்று பேசுகிறவன் சோலி இல்லாதவன். சுவரெல்லாம் குறிப்பு எழுதி ஒட்டிய மஞ்சள் தாள் வேறு. இதற்கு ஒரு கல்லூரி.

ஜூலை 14, திங்கள்

காற்று. கண்ணாடி துடைக்கத் துணி வாங்க வேண்டும்.

முதல் துண்டு போனில் வந்தது. ஒரு ஜீப்பு, ஒரு பொத்தான்.

"நாலு பேரு சேந்து ஒரு வாரமா ஒத்த ஜீப்பத்தேன் வரைஞ்சீகளா?"

அந்த நாலு பேரில் ஒருத்தி, ஜவுளிக்கடைக்காரர் மகள் ரஹ்மத், சிரித்துக்கொண்டே மஞ்சள் தாளில் எழுதினாள். "இன்னும் திட்டுங்க தாத்தா. அதுக்குத்தேன் வந்திருக்கோம்."

திட்டினேன். எழுத்துப் பெரிதாக வேண்டும். ஊர்ப் பெயர், டிரைவர் பெயர், எஸ்டேட் பெயர், எல்லாம் வேண்டும். படிக்கப் படிக்க ருசி.

டீக்கடையில் அதே கல்லூரியின் இன்னொரு குழு. எதைக் காட்டினாலும் கடைக்காரர் "நல்லாருக்கு பாப்பா" என்று டீ கொடுக்கிறார். உதவாக்கரை மனிதர்.

ஜூலை 21, திங்கள்

போடிமெட்டில் மூடுபனி. ஜீப்பெல்லாம் தாமதம், கூட்டம் அதிகம்.

நான் கேட்டபடி திரை நிறைய எழுத்து. சிலமலையிலிருந்து தோட்ட வேலைக்கு வரும் செல்வியிடம் போனைக் கொடுத்தோம். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். என்னிடமே நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்டு தெரியாதாண்ணே? போன வருசம் வரைக்கும் பஸ்சு போர்டப் பாத்து நீங்களும் நானும் சேந்துதான முழிச்சோம்?"

"அண்ணே இப்பத் தொரையாகிட்டாருடி!" என்றாள் பின்னால் ஒருத்தி. ஒரே சிரிப்பு.

ரஹ்மத்தோடு வந்த பையன் கார்த்தி என்னை முறைத்தான். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தாத்தா?"

ஆறு மாத எழுத்து. அதற்குள் இத்தனை திமிர் எனக்கு. டீக்கடைக்காரரைக் கேலி செய்தேன். அவராவது டீ கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மார்க் போட அவர்கள் ஆசிரியை வருகிறார்.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். முழங்கால் பரவாயில்லை.

வட்டத்தில் நானும் நின்றேன். நேற்று: கெடுத்தேன். இன்று: கத்துவேன். தடை: நான்தான்.

ஜீப்பு ஜீப்பாக, சீட்டு எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும், என் குரலைப் போனில் பிடித்தார்கள். இனி ஜீப்புப் படம் மட்டும். தொட்டால் என் சத்தம்.

மஞ்சள் தாளில் நானே எழுதி ஒட்டினேன்: எழுத்து வேண்டாம், சத்தம் வேண்டும். கார்த்தி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "என்ன தாத்தா எழுதியிருக்கீக?" என்றான். பொறியியல் மூன்றாம் வருடம். ஒரு வரி படிக்கத் தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஆசிரியை வந்தார். ரஹ்மத் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். செல்வி, யாரும் சொல்லாமலே, தன் போனில் ஜீப்புப் படத்தைத் தொட்டாள்.

"மெட்டு ஜீப்புல மூணு சீட்டு இருக்கு, வெரசா வாங்க!"

"இந்தா வர்றேண்ணே!" என்று போனுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு ஓடினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குறை ஏதும் இருக்காங்கய்யா?" என்றார் ஆசிரியை.

நல்லாருக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"நெறைய இருக்கும்மா. அடுத்த வாரம் என் கையாலயே எழுதித் தர்றேன்."