மொக்கைச்சாமியின் சீட்டு

திருப்பூர்
ஞாயிறு மதியம்

கண்ணு ஜெயபாரதிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஜோர்டானில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய சேதி இல்லை இது. நம் தெரு சசிகுமார் உன் கம்பெனிக்கே டைலராக வருகிறான், அவன் பெட்டியில் இதையும் நீ கேட்ட பருப்புப் பொடியையும் வைத்திருக்கிறேன். பொடியில் ஈரக் கரண்டி போடாதே.

இங்கே ஆர்டர் மந்தம்தான், பக்கத்து யூனிட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மிஷின் ஓடுகிறது. அப்பா வீட்டிலேயே கறை எடுக்கிறார். செக்கிங்கில் தள்ளிய பனியன்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன, அந்த ஸ்ப்ரே துப்பாக்கியால் கறை மருந்தடித்து முன்னறை முழுக்க நெடி, எனக்குத் தலைவலி. வருகிற காசில் பாதி அவருடைய சீட்டுப் பைத்தியத்துக்குப் போகிறது. அந்தக் காலத்து மில்களில் ஆட்களுக்கு நோட்டுப் போலவே அச்சடித்துக் கொடுத்த கேண்டீன் சீட்டு, எஸ்டேட்டில் அரிசிக்குக் கொடுத்த சீட்டு என்று கம்பெனி பெயர் போட்ட எந்தக் காகிதத்தையும் விடுவதில்லை. என் கல்யாணப் புடவை மூட்டையில் கிடக்கிறது, அவர் சீட்டுக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை.

பின்வீட்டுப் பாண்டியம்மாளை நீ மறந்திருக்கமாட்டாய், பரீட்சை நாட்களில் உனக்குச் சடை பின்னிவிட்டவள். ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று சொன்ன வருடம், அவள் புருஷன் மொக்கைச்சாமி வேலை செய்த சாயப்பட்டறையில் சம்பளத்துக்குப் பணம் இல்லை என்று முதலாளி சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். மளிகைக் கடையில் கொடுத்தால் அந்தத் தொகைக்குச் சாமான் தருவார்கள். வேறு ஆள் மாற்றிவிடக் கூடாது என்று கொடுக்கும்போதே பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதுவரை மொக்கைச்சாமி கைநாட்டுத்தான். பேங்கில் கணக்குத் திறக்க வேண்டுமே என்று பாண்டியம்மாள்தான் உட்கார வைத்து எழுதப் பழக்கியிருந்தாள். அவன் வாழ்நாளில் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அந்தச் சீட்டு. பேங்குக்குப் போவதற்குள் பட்டறைக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய அவனை உள்ளே இறக்கிவிட்டார்கள், உயிரோடு மேலே வரவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அந்தச் சீட்டை அவள் கடையில் கொடுக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, தோன்றும்போதெல்லாம் எடுத்து விரலால் தடவிப் பார்ப்பாள். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தான், கையில் தட்டுப்படும்.

அவிநாசியில் கல்யாண மண்டபத்தில் பழைய நோட்டும் சீட்டும் சேர்க்கிற சங்கத்துக்காரர்கள் கண்காட்சி வைக்கிறார்கள், இந்த மாதிரி புதுக்காலத்துச் சீட்டு ஒருத்தரிடமும் இல்லை என்று அப்பா அவளை நச்சரித்தார். ஆஸ்பத்திரியில் பிணத்தை வாங்கும்போது கூட நின்ற மனுஷன் என்று அவளும் கொடுத்துவிட்டாள். விளக்கெண்ணெய் பட்டு மூலையில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. பழைய காகிதத்தைச் சுத்தம் செய்யவே கூடாது என்று சங்கத்துக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவருக்குக் கை நிற்குமா? கறையோடு ஒரு பீஸையும் வெளியே அனுப்பிப் பழகாத கை. மருந்தடித்தார், துணி போட்டு அயர்ன் பண்ணினார். கறை சுத்தமாகப் போய்விட்டது. திருப்பிப் பார்த்தால் கையெழுத்தும் இல்லை. கம்பெனி பேரும் தொகையும் மட்டும் புதுசு போல மினுங்கின.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பழைய பேப்பரில் மொக்கைச்சாமி, மொக்கைச்சாமி என்று எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். என்ன பண்றீங்க என்று கேட்டேன். பாவம், அந்தப் புள்ளகிட்ட எப்படிச் சொல்றது என்று என்னையே கேட்டார். பேனாவைப் பிடுங்கி வெளியே வீசிவிட்டு, நானே போய்ப் பாண்டியம்மாளிடம் சொல்லிக் கூட்டி வந்தேன்.

பாண்டியம்மாள் அழவில்லை, கண்ணு. சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மை போனாலும் அழுத்தினது இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தை ஒற்றை விரலால் மெதுவாகத் தடவினாள். அயர்ன் பெட்டி அதையும் வழித்துவிட்டிருந்தது. மறுபடியும் தடவினாள். பிறகு அப்பா கையில் சீட்டை வைத்து, "நீங்களே வச்சுக்கங்கண்ணே. இப்ப இது கம்பெனி சீட்டுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை. குழம்பு கொடுத்தனுப்பினேன், கிண்ணத்தைக் கழுவிச் சுவர்மேல் வைத்திருந்தாள்.

அப்பா கண்காட்சிக்குப் போகவில்லை. சீட்டு அயர்ன் மேஜையில் கிடக்கிறது, ஃபைலில் வைக்கவும் அவருக்குத் தைரியமில்லை, தொடுவதற்கு எனக்கும் மனசு வரவில்லை. நீ இதைப் பற்றி அவரிடம் கேட்காதே, பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், தலையை மூடிக்கொண்டு போ. தையல் லைனில் யாரோடும் வாய் கொடுக்காதே. அந்த முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. சீட்டு கைக்கு வந்த அன்றே அப்பா அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினாராம். முன்பக்கம் மட்டும்தானாம், பின்பக்கத்தில் கம்பெனி ஒன்றும் அச்சடிக்கவில்லையே, அதை எதற்கு எடுப்பது என்று விட்டுவிட்டாராம். இருந்தாலும் உன் போனில் ஒரு தடவை தேடிப் பார், கண்ணு.

உன் அம்மா,
சுப்புலட்சுமி சண்முகவேல்