சொந்தக் காரணம்

மார்ச் 4

இன்றும் ஆணை வரவில்லை. சஸ்பெண்ட் ஆன கண்டக்டருக்கு வீட்டில் என்ன வேலை? விசில் ஆணியில் தொங்குகிறது. என்னோடு தங்கியிருக்கும் சிநேகிதி குண்டூசி அதைத் துடைத்து மாட்டியிருக்கிறாள். எனக்கு வேலை போனது தன்னால்தான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். "நீ வாயை மூடிட்டு வெங்காயத்த நறுக்கு" என்றேன். அழுதாள். பழியை வெங்காயத்தின் மேல் போட்டாள்.

மார்ச் 6

போய்ட்டார்! போக்குவரத்து ஆணையர், எங்கள் 'ஏன்சார்', பதவி விலகிவிட்டார். லேட்டா வந்தால் ஏன், சீக்கிரம் போனால் ஏன், தும்மினால்கூட ஏன். அதனால் வந்த பெயர். டிரைவர் அண்ணன் போனில் கத்துகிறார்: "தொலைஞ்சாரும்மா!" பின்னால் வெடிச்சத்தம்.

சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனால் அறிக்கையைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. 'சொந்தக் காரணங்களுக்காக' விலகுகிறாராம். அரசும் ஏற்றுக்கொண்டதாம்.

சொந்தக் காரணம்! யார் வாயிலிருந்து! விடுப்புத் தாளில் இனி எவரும் அப்படி எழுதக் கூடாது, விவரம் வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவரே இவர்தானே? குண்டூசியை அவள் புருஷன் அடித்து அறையில் பூட்டி வைத்த அன்று, நான்தான் போய்க் கூட்டி வந்தேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, குண்டூசி அப்போது வைத்த பட்டப்பெயர். என்னை அவனுக்குத் தெரியாது, அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள். மறுநாள் 'சொந்தக் காரணம்' என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். 'என்ன காரணம்?' என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. அந்தத் தாள் போகும் மேசையில் உட்கார்ந்திருப்பது யார்? அவள் புருஷனின் அண்ணன். எழுதினால் மறுநாளே அந்தப் பாவி என் வாசலில் நிற்பான். எழுத மாட்டேன் என்றேன். சஸ்பெண்ட்.

மார்ச் 7

கடைத்தெருவுக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர் புலம்புகிறார்: "யார்கிட்டயும் கை நீட்டாத மனுஷன்மா. பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வந்துச்சு. ஊர்வலம் போயே துரத்திட்டாங்களே." அதே கடை வாசலில் எங்கள் பணிமனைக் காசாளர் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார். என்னை ஏன்சார் அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டபோது, ஃபைலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டவர். இன்றைக்கு, "அன்னிக்கே எனக்கு மனசு ஆறலம்மா" என்கிறார். ஆறாத மனசு அன்றைக்கு எங்கே போயிருந்தது? புலி செத்த பிறகு ஆளாளுக்கு மீசையைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மிட்டாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்தடி நடந்து, திரும்பிப் போய் ஒன்று வாங்கிக்கொண்டேன். குண்டூசிக்கு.

மார்ச் 8

எரிச்சல். எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 10

சங்கத் தலைவர் வந்தார். எங்களுக்கு அவர் 'மைக்'. இன்று நிஜ மைக்கோடு, டிவிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு.

"ஒரு நிமிஷம் பேசும்மா. ஊரே உன் பக்கம்."

"பேசறதுக்கு என்னண்ணே இருக்கு?"

"அப்படி என்னதான் காரணம்? அதச் சொல்லு, ஜனங்க உருகிடுவாங்க."

கேமராக்காரர் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார். குண்டூசி குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! "அந்தாளு ஏன்னு கேட்டாருன்னுதானே ஊர்வலம் போனீங்க? இப்ப நீங்க என்ன கேக்கறீங்க? ஏன்சார் எங்கண்ணே போனாரு? இதோ என் வாசல்லதானே நிக்கறாரு!" என்று கதவைச் சாத்தினேன். "நல்லதுக்குக் காலமில்ல" என்று மைக் முனகிக்கொண்டே படி இறங்கினார்.

நான் அதிகம் பேசிவிட்டேனா? இல்லை. குறைவு.

மார்ச் 13

ஆணை வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலை நீக்கம். ஆள் போயாச்சு, சுற்றறிக்கை போகலையாம்! அதற்குத்தான் இத்தனை வெடியா? மிட்டாய் தின்ற ஒரு வாயாவது இதைக் கேட்டதா?

"எழுதிடுடி. நான் வேற எங்கயாச்சும் போயிடறேன்" என்கிறாள் குண்டூசி.

"எங்க போவே? வாயக் கழுவு."

ஆனால் இந்த வேலையை விட்டால் எனக்கும் வேறு போக்கிடம் இல்லை.

மார்ச் 17

எழுதிக் கொடுத்துவிட்டேன்!

'விடுப்புக்கான காரணம்: முன்னாள் ஆணையர் பதவி விலகிய அதே காரணம். அதை அரசு ஏற்றுக்கொண்டுள்ளது.'

புதிதாக ஆணையர் பொறுப்பேற்றிருப்பது ஒரு அம்மா. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"கிண்டலா?"

"இல்லம்மா. அவரு என்ன காரணம்னு யாராச்சும் கேட்டீங்களா? கேக்கல. அதுதான் மரியாதை. அதே மரியாதைய எனக்கும் குடுங்க."

சிரிப்பு வந்திருக்க வேண்டும், இருமலாக மாற்றிக்கொண்டார். பக்கத்து மேசையில் குண்டூசி புருஷனின் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீட்டட்டும். அவன் காதில் விழ அங்கே ஒன்றுமில்லை.

மார்ச் 24

அந்த அம்மா காரணத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டார், வேலைக்குத் திரும்பினேன். குண்டூசி சீருடையை இஸ்திரி போட்டு, விசிலை அதன் மேல் வைத்திருந்தாள்.

எல்லாரும் கை கொடுத்தார்கள், காசாளர் உட்பட. வண்டி எடுக்கும் நேரத்தில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். முகமே சரியில்லை. கண் வீங்கியிருந்தது. "நாளைக்கு நான் வரலம்மா" என்றார்.

"ஏ—" வரைக்கும் வந்துவிட்டது.

சட்டென்று விசிலை வாயில் வைத்து ஊதினேன். அண்ணன் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.