மணிவிழா வெப்ளி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
7 ஜூலை 2024

அருமை பிரேம்நாத்,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. படத்தில் உன் கையில் இருக்கும் சாமானைப் பார்த்தாலே நீ எவ்வளவு சௌக்கியம் என்று தெரிகிறது. இரண்டங்குலக் குழல் விக்டரி ரிவால்வர்! ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி யுத்தகாலத்தில் ராணுவத்துக்குச் செய்து கொடுத்ததில் குழல் இவ்வளவு குட்டையாக வந்தது கொஞ்சம்தான் என்று படித்துப் படித்து நாம் ஏங்கிய சப்பைமூக்கன். இருந்த இரண்டில் ஒன்றைக் கடையில் கொடுத்துவிட்டாவது அது உனக்கு வாய்த்துவிட்டது. சந்தோஷம் என்று எழுதினால் பொய். வயிறு எரிகிறது. நீலாம்பாள் மோர் கரைத்துக் கொடுத்தாள், அதற்கும் அடங்கவில்லை.

அதைவிட எரிச்சல், கடிதம் முழுக்கத் துளசி மேடம். துளசி மேடம்தான் தகவல் சொன்னார், துளசி மேடம்தான் துப்பாக்கியின் வரிசை நம்பரைப் பார்த்து உறுதி செய்தார், துளசி மேடம் துப்பாக்கி வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இருக்கட்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரிவால்வர் படம் போட்டு அடி வாங்கினவன் நான். நீ ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்க்கப் போனாய், நான் அப்பாவின் பட்டுக்கடையில் உட்கார்ந்தேன். அப்போதுகூட எந்த முத்திரை எந்த வருஷம் என்று நீ என்னைக் கேட்பாய், நான் உன்னைக் கேட்பேன். நடுவில் மூன்றாவது ஆள் இருந்ததில்லை.

போகட்டும், எனக்கும் ஒரு சேதி உண்டு. ஐயம்பேட்டையில் கமலாட்சியம்மாள் என்று ஒருவர். அவருடைய அப்பா சுபேதார் பஞ்சாட்சரம் பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்த ரிவால்வர் வீட்டில் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு வயதாகிவிட்டது, லைசென்ஸைப் புதுப்பிக்கப் போவதில்லை, முறைப்படி யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிடலாம் என்கிறார். பெட்டியைத் திறந்து காட்டினார். விக்டரிதான். இரண்டங்குலம்தான்!

யாரிடமும் சொல்லாதே. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

உன்
கைலாசம்

*

புனே
19 ஜூலை 2024

என் பொறாமைக்கார நண்பா,

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன், என் வீட்டுக்காரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சக்களத்திகூட இப்படி எழுத மாட்டாளாம்.

ஐயம்பேட்டைச் சேதி நல்ல சேதி. ஆனால் அவசரப்படாதே. விக்டரியில் நிறைய விளையாட்டு நடந்திருக்கிறது. முதலில் ஒரு காரியம் செய். குழல் முனையில் குறிபார்க்கும் மேடு இருக்கிறதல்லவா, அதன் அடியில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார். குழலுக்கு அடியில், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளும் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொள்ளும் குமிழ் இருக்கிறதா என்றும் பார். இரண்டையும் எழுது. அப்புறம் நான் சொல்கிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

இல்லையென்றால் இன்னொரு வழி. ஆகஸ்ட் கடைசியில் துளசி மேடம் சென்னை வருகிறார். ஒரு நடை ஐயம்பேட்டைக்கு வந்து பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். நீ யாரிடமும் சொல்லாதே என்றதால் இன்னும் சொல்லவில்லை. உன் அனுமதி வந்ததும் சொல்வேன். நல்ல பெண்மணிடா. உன்னைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பேசுவார்.

உன் வெப்ளி ரிவால்வர் எப்படி இருக்கிறது? ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்தால் துரு ஏறும் என்று நீலாம்பாளிடம் மறுபடியும் சொல்.

அன்பு மாறாத
பிரேம்நாத்

*

காஞ்சிபுரம்
20 அக்டோபர் 2024

அருமை பிரேம்நாத்,

மூன்று மாதம் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். வேண்டுமென்றேதான் போடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். முடிந்தது. சுபேதாரின் விக்டரி இப்போது என் பெயரில், என் அலமாரியில் இருக்கிறது.

நீ சொன்னபடி நகத்தை ஓட்டினேன். தட்டியது! மேட்டைச் சுற்றி, மயிரிழை போல, தெளிவாக ஒரு பொருத்து. அந்த நிமிஷமே எனக்கு முடிவாகிவிட்டது. என் கடைக்கு வரும் பெண்கள் இது அசல் கோர்வைப் புடவையா என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? புடவையைத் திருப்பிப்போட்டு, கரையும் உடலும் சேரும் இடத்தில் விரலை வைக்கச் சொல்வேன். மேடு தட்டினால் இரண்டு பேர் உட்கார்ந்து கையால் சேர்த்தது. வழவழவென்று ஓடினால் மெஷின் சரக்கு. யுத்தகாலத்து ஆள் ஒருவன் உட்கார்ந்து கையால் பொருத்தின மேடு இது. இதைச் சொல்ல எனக்கு டாக்டர் பட்டம் வேண்டாம். கம்பி நுனிக் குமிழ் இல்லை, அது எண்பது வருஷத்தில் எங்கோ விழுந்திருக்கும்.

கமலாட்சியம்மாள், “எடுத்துக்கினு போப்பா, எங்கப்பா போன நாள்லேருந்து இது பெட்டியிலயே கெடக்குது, எனக்கு இது இன்னாத்துக்கு” என்றார். துளசி மேடம் சென்னையில் இறங்குவதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிட்டேன். அவர் வந்து பார்த்து, அவருக்குப் பிடித்துப்போய், நீயும் அவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டால்? சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு லைசென்ஸுக்கு இரண்டுதான் என்பது உனக்குத் தெரிந்த சட்டம். என்னிடம் ஏற்கெனவே இரண்டு. அப்பாவுடைய துப்பாக்கியைத் தொட்டால் நீலாம்பாள் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அதனால் வெப்ளியைச் சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வந்த அன்று நீலாம்பாள், “ஏன்யா, அந்த மனுசன் குடுத்ததையா குடுத்துட்டு வந்தீங்க? நல்லா இருக்குதுய்யா உங்க சிநேகிதம்” என்று கேட்டாள். வெப்ளி எங்கேயும் கிடைக்கும், விக்டரி கிடைக்காது என்றேன். நீயும் என் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பாய்.

இப்போது நாம் சமம். உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. வாழ்த்து எழுது.

கைலாசம்

*

புனே
2 நவம்பர் 2024

அன்புள்ள கைலாசம்,

வாழ்த்து எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கம்பெனியில் செய்த குட்டைக்குழலில் அந்த மேடு தனியாகப் பொருத்தினது இல்லை. குழலும் மேடும் ஒரே இரும்பு. நகம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தட்டினால், ஐந்தங்குலக் குழலை எவனோ பிற்பாடு அறுத்து, அறுத்த முனையில் மேட்டைப் பற்றவைத்திருக்கிறான் என்று அர்த்தம். குமிழ் விழவில்லை. அறுத்துப் போட்ட துண்டோடு அதுவும் போய்விட்டது. ஆயிரக்கணக்கில் இப்படி அறுத்திருக்கிறார்கள். பட்டுக்குப் பொருத்து தெரிந்தால் அசல், இதற்குத் தெரிந்தால் அறுப்பு. இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தாயானால் அன்றே சொல்லியிருப்பேன்.

அது போகட்டும். அறுத்த துப்பாக்கியால் யாருக்கும் நஷ்டமில்லை.

சட்டம் மூன்றை இரண்டாக்கியபோது என்னிடம் மூன்று இருந்தன. ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். யாராக இருந்தாலும் இருப்பதில் மட்டமானதைத்தான் கொடுப்பான். உனக்கு அறுபது நிறைந்த வருஷம் அது. இருந்ததில் நல்லதை உன் மணிவிழாவுக்குக் கொண்டுவந்தேன். மாலையும் கழுத்துமாக நீ அதை வாங்கி, நீலாம்பாளிடம்கூடக் காட்டாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். வெப்ளி எங்கேயும் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். சரிதான், கிடைக்கும்.

உன் கடிதம் வந்த அன்று துளசி மேடம் இரண்டாம் முறையாகச் சென்னையில் இருந்தார். போனில் கேட்டேன். அவர் லைசென்ஸில் ஓர் இடம் காலியாக இருந்தது. விசாரித்து அந்தக் கடையைக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்தார், நம்பர் சரியாக இருந்தது. மாற்றி வாங்க மனு கொடுத்துவிட்டார். நான்தான் கேட்டுக்கொண்டேன். தெரியாத ஒருவன் கைக்கு அது போவதில் எனக்கு இஷ்டமில்லை.

நான் துளசி மேடத்துக்கு எதையும் கொடுக்கச் சொல்லியிருப்பேன் என்று எழுதினாய். நீ எழுதிய அன்று அது பொய். இன்றைக்கு மெய்யாகிவிட்டது.

நீலாம்பாளைக் கேட்டதாகச் சொல்.

பிரேம்நாத்

*

காஞ்சிபுரம்
24 நவம்பர் 2024

பிரேம்நாத்,

உன் கடிதம் வந்ததும் அந்தச் சாமானை எடுத்து மறுபடியும் நகத்தை ஓட்டினேன். தட்டியது. கடையில் ஒரு அம்மா கோர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அசல்தான்” என்று சொன்னார். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

எனக்கு விக்டரி மேல் பொறாமை என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. துளசி மேடம் நம்பரைப் பார்த்து உறுதி செய்தார் என்று நீ எழுதினாயே, அந்த வரியில் ஆரம்பித்தது. அந்த நம்பர் எந்த வருஷம் என்று நீ என்னிடம் கேட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்கவில்லை. இப்போது வெப்ளியும் அவரிடம். இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது, மறைக்க மாட்டேன். திருப்பிக் கேட்கவும் மாட்டேன். எந்த முகத்தோடு கேட்பது?

துளசி மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெப்ளியின் வலது பக்கப் பிடியில் ஒரு விரிசல் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பக்கத் திருகை இறுக்கக் கூடாது, இறுக்கினால் பிளந்துவிடும். மடக்கித் திறக்கிற தாழ் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும், அடித்துத் திறக்க வேண்டாம், கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தால் தானே விடும். தோல் உறையில் வைக்கவே கூடாது. நான் சாயம் போடாத பட்டில் சுற்றி வைத்திருந்தேன். கடைக்காரன் அதைத் தூக்கிப் போட்டிருப்பான். வேறு ஒரு துண்டு கிழித்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு.

இதெல்லாம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

இல்லை, சொல். கைலாசம் சொன்னான் என்றே சொல்.

கைலாசம்