கிண்டியில் வலப்பக்கம்

அடையாறு
14.8.1996

அன்புள்ள உங்களுக்கு,

மயிலாப்பூரில் உங்கள் அம்மாவுடன் இருப்பது நல்லதுதான். நான் மறுபடி லேபுக்குப் போகிறேன்.

அன்றைக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் நான் வாங்கப்போன பார்சலில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. இரண்டு குவானோசின்களை மூன்று பாஸ்பேட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு வெள்ளைத் தூள். நாங்கள் குழாயில் செய்யும் ஆர்.என்.ஏ.வின் தலையில் அதைத் தொப்பிபோல மாட்டுவோம். தொப்பி இல்லாததைச் செல் சீக்கிரம் சிதைத்துவிடும். சுங்கத்தில் மூன்று நாள் கிடந்ததில், தூள் கெடாமல் குளிரில் வைத்திருக்கும் டிரை ஐஸ் முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். "குழந்தைக்கு மூச்சு இரைக்கறது, தி.நகர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போறேன், நேரா வந்துடு" என்றீர்கள்.

கிண்டி வந்ததும் ஆட்டோவை வலப்பக்கம் திருப்பச் சொன்னேன்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு அடையாறுன்றே?"

"ஐஸ் தீர்ந்துண்டிருக்கு, சீக்கிரம் போப்பா" என்றேன். அந்த ஐஸைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

பெட்டியை லேப் ஃப்ரீசரில் வைத்துவிட்டு நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீங்கள் குழந்தையின் சில்லிட்ட காலிலிருந்து கொலுசைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள்.

போன வாரம் அந்தத் தூளில் ஒரு குழாயை வெளியே எடுத்து, இந்தப் புழுக்கத்தில் நான்கு நாள் மேசைமேல் வைத்தேன். பிறகு அதைப் போட்டு ஆர்.என்.ஏ. செய்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அது கெடவே இல்லை.

கொலுசில் ஒன்றைக் கொடுத்தனுப்புவீர்களா? இரண்டையும் கேட்க எனக்கு வாயில்லை.

இப்படிக்கு,
அவள் அம்மா