கிரீடக்குறி

பார்மா, செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு ஓர்னெல்லாவின் வணக்கம். கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறீர்களா?

வானொலியில் கேட்ட கிரீடக்குறி என்றால் என்ன என்று எழுதியிருந்தீர்கள். சுரத்தின் தலையில் ஓர் அரைவட்டம், அதற்குள் புள்ளி. அங்கே தாளம் காத்து நிற்கும். பாடுபவர் விரும்பும்வரை அந்தச் சுரத்தைப் பிடித்திருக்கலாம்.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை. எங்கள் இசைநாடகத்தின் முதன்மைப் பாடகர் ருஜ்ஜேரோ அந்தக் குறியில் நின்றபோது அடுத்த வரி அவருக்கு மறந்துவிட்டது. மேடைக்கடியில் என் பெட்டிக்குள் உட்கார்ந்து சொல்லை எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நான். வியாழக்கிழமை நடக்கவிருக்கும் உங்கள் கண் அறுவை சிகிச்சையை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அவர் மூச்சு தீரும்வரை அதே சுரத்தில் நின்றார். மேல்மாடமே எழுந்து கைதட்டியது.

"என்னைக் கொல்லப் பாத்தியே, மகராசி. இனிமே தினமும் இப்படியே கொல்லு. நீ பெட்டிக்குள்ள இல்லன்னா நான் மேடை ஏறமாட்டேன்," என்றார் பிறகு.

அதைக் கேட்ட அரங்க நிர்வாகி, உங்களோடு இருக்க நான் வாங்கியிருந்த வியாழக்கிழமை விடுப்பை ரத்துசெய்துவிட்டார். அது என் தவறு என்றேன். "அப்ப அந்தத் தப்பையே ஒழுங்கா செய்யுங்க, மேடம்," என்கிறார்.

ஆகவே வியாழனன்று பக்கத்து வீட்டுக் கொன்செத்தாவை உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்குக் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். பெட்டிக்குள் காலை நீட்ட இடமில்லை, குளிர் ஏறுகிறது.

கிரீடக்குறி பற்றி மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பிடித்திருப்பவர் விரும்பினால் மட்டும் போதாது. அடுத்த சொல்லை யாராவது கொடுத்தால்தான் அந்தச் சுரத்தை விட முடியும். கண்கட்டை அவிழ்த்ததும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்களே ஒரு வரி எழுதுங்கள்.

மணி அடித்துவிட்டது. பெட்டிக்குள் இறங்குகிறேன்.

ஓர்னெல்லா